தேர்தல் மேடையும் போர்ச்சொல்லும்

பேச்சானது கேட்போரின் நிலைக்கு இசைந்ததாக இருத்தல் வேண்டும் என்பது அறபுப் பேச்சிலக்கணத்தின் தலையாய விதி. நம் மதரஸாக்களில் தஃப்தாஸானீயின் ‘முக்தஸருல் மஆனீ’யை ஓதியவர்கள் இதனை நூலின் வாயிலிலேயே கண்டிருப்பர். ‘முக்தளல் ஹால்’ என்று அதற்குப் பெயர். ஒன்றும் அறியாதவனிடம் பேசும் முறை வேறு. ஐயமுற்றவனிடம் பேசும் முறை வேறு. மறுப்பவனிடம் பேசும் முறை வேறு. ஆயினும், கேட்போர் ஓரிடத்தில் கைதட்டிக்கொண்டிருக்க, அப்பேச்சின் பயனாய் மாளப்போகிறவர் பல்லாயிரம் கல் தொலைவில் தம் வயலில் நின்றுகொண்டிருப்பாராயின், எவருடைய ‘ஹால்’ அங்குக் கருதப்படவேண்டும்? அவ்வாசிரியர்கள் காலத்தில் எழுந்த கேள்வியன்று இது. நம் காலத்தில் எழுந்தே தீரவேண்டிய கேள்வி.

அமெரிக்க நாட்டில் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுவோர், பயங்கரவாதத்தை ஒடுக்கப் பிற நாடுகளில் நாம் எடுக்கப்போகும் இராணுவ நடவடிக்கை இதுவென்று மேடைதோறும் பேசுவது 2001-ஆம் ஆண்டுக்குப் பின் ஒரு தனிப் பேச்சுவகையாகவே வளர்ந்துவிட்டது. அதற்கெனச் சொற்கள் உண்டு, அணிகள் உண்டு, கைதட்டலுக்கான இடங்கள் உண்டு. இலக்கிய ஏட்டில் இதற்கென்ன வேலை என்று வாசக நேயர்கள் கேட்கலாம். கவிதையை ஆராய்கிற நாம், கவிதையைக் காட்டிலும் மிகுதியான உயிர்களை அசைக்கும் ஒரு பேச்சுவகையை ஆராயாது விடுவது முறையன்று என்பதே நம் விடை.

தொடக்கத்திலேயே ஒன்று கூறிவிடுகிறோம். 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் ஏறத்தாழ மூவாயிரம் பேரைக் கொன்ற செயல் பெரும்பாதகம். அதனைச் செய்தோரைத் தேடிப் பிடிக்கவும் தண்டிக்கவும் அந்நாட்டுக்கு உரிமை இல்லையென்று நாம் வாதாட வரவில்லை. வாக்குக் கேட்பவர் அதனை எவ்வாறு பேசவேண்டும் என்பது மட்டுமே இங்கு நம் ஆராய்ச்சி.

முதலில் 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாதத்தில் பராக் ஒபாமா என்னும் இளைய செனட்டர், தம் கட்சியின் வேட்பாளர் ஆவதற்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். முதல் தேதியன்று வாஷிங்டனில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். பாக்கிஸ்தானின் மலைப்பகுதிகளில் ஒளிந்திருக்கும் பயங்கரவாதத் தலைவர்களைப் பற்றி உறுதியான உளவுச்செய்தி கிடைத்து, அதிபர் முஷர்ரஃப் நடவடிக்கை எடுக்காவிடில், நாமே எடுப்போம் என்று அதில் கூறினார். பாக்கிஸ்தானில் எதிர்ப்பு எழுந்தது. எழுந்ததில் வியப்பில்லை. வியப்புக்குரியது, அவர் தம் கட்சியினரே கூறிய குறை. அதே மாதம் 7-ஆம் தேதி சிகாகோவில் நடந்த விவாதத்தில் ஹிலாரி கிளின்டன் அம்மையார், குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவர் தாம் நினைப்பதையெல்லாம் சொல்லிவிடலாகாது, அதன் விளைவு உலகெங்கும் பரவும் என்று இடித்துரைத்தார். முக்கியமான வெளிநாட்டுக் கொள்கையைப் பற்றி அறிந்துகொள்ள மக்களுக்கு உரிமையுண்டு என்பது ஒபாமா அளித்த மறுமொழி.

ஓராண்டு கழித்து, 2008 செப்டம்பர் 26-ஆம் நாள், மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் எதிர்க்கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் இதே குறையை இன்னும் கூர்மையாகச் சொன்னார். இதையெல்லாம் உரக்கச் சொல்வதில்லை. செய்யவேண்டியிருந்தால் செய்வது, அந்நாட்டு அரசோடு சேர்ந்து செய்வது என்பது அவர் வாதம். சுடும் எண்ணம் இல்லாதவன் துப்பாக்கியை நீட்டலாகாது என்ற முதுமொழியையும் துணைக்கழைத்தார். அறிவுரை அழகியதுதான். ஆனால் அதனைச் சொன்னவர் யார்? 2007 ஏப்ரலில், ஈரான் மீது குண்டு போடுவதைப் பற்றி வினவப்பட்டபோது, ஒரு பழைய ஆட்டப்பாட்டின் மெட்டில் அதனைப் பாடிக் காட்டிச் சிரித்தவர் இவரே. ஒபாமா அதனை அவ்விடத்திலேயே நினைவூட்டத் தவறவில்லை. அடக்கிப் பேசுக என்னும் இலக்கணத்தைப் பாட்டுப் பாடியவர் வாயிலிருந்து கேட்பது கேட்போர்க்குக் கசக்கத்தான் செய்யும்.

இவ்விருவரில் எவர் சொன்னது சரி? இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். விரைந்து தீர்ப்புக் கூறுவதற்குரிய வழக்கன்று இது. மௌனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அயல்நாட்டு அரசனை அவன் குடிகள் முன் இழிவுபடுத்தும் சொல், அவன் உதவவேண்டிய நேரத்தில் அவன் கையைக் கட்டிவிடும். சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், அமைச்சனுக்குரிய அப்பகுதியிலேயே அவையறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தமை காரணமின்றியன்று. ஆயினும் மெக்கெய்ன் கேட்டது வெறும் நாவடக்கமன்று. செய்வோம், ஆனால் சொல்லமாட்டோம் என்பதே அதன் உட்பொருள். மக்களாட்சியில் வாக்காளன் எதற்கு ஒப்புதல் தருகிறானோ அதனை அவனிடம் சொல்லித்தான் பெறவேண்டும். ஆகவே, சொன்னதற்காக ஒபாமாவைக் குறைகூற நாம் உடன்படமாட்டோம். 2009 ஜனவரி 20-இல் அவர் பதவியேற்றார். 23-ஆம் தேதி வஜீரிஸ்தானில் ஆளில்லா விமானங்கள் குண்டு வீசின. 2011 மே 2-ஆம் நாள் அப்பொட்டாபாத்தில் உசாமா பின் லாடின் கொல்லப்பட்டார். எங்களிடம் முன்னரே சொல்லவில்லையே என்று அமெரிக்க வாக்காளர் எவரும் கூற இயலாது.

அவர் பேச்சில் நாம் காணும் குறை வேறு. அம்மலைகளில் தலைவர்கள் மட்டும் இருப்பதுபோல் அவ்வாக்கியம் அமைந்திருந்தது. ஆடு மேய்ப்பவன் இல்லை. தண்ணீர் சுமக்கும் பெண் இல்லை. இதனை அவர் அறியாதவருமல்லர். அதே ஆகஸ்டு 13-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பேசுகையில், ஆப்கானிஸ்தானத்தில் போதிய படை இருந்தாலன்றிக் கிராமங்கள் மீது வானிலிருந்து தாக்கிப் பொதுமக்களைக் கொன்றுகொண்டிருப்பதிலிருந்து நாம் மீளமுடியாது என்ற கருத்துப்பட ஒரு வாக்கியம் சொன்னார். அவ்வாக்கியம் மெய். ஆப்கன் அதிபர் ஹாமித் கர்ஸாய் அவ்வாண்டு முழுவதும் முறையிட்டுக்கொண்டிருந்ததும் அதுவே. நடந்தது என்ன? நம் வீரர்களை இழித்துப் பேசினார் என்று எதிர்க்கட்சியினர் பிடித்துக்கொண்டனர்; ஓராண்டுக்குப் பின் 2008 தேர்தலிலும் அதனை ஆயுதமாக்கினர். ஒரே மாதத்தில் ஒரே வாயிலிருந்து வந்த இரண்டு வாக்கியங்கள்: குண்டு போடுவோம் என்பதற்கு, ‘உரக்கச் சொல்லாதே’ என்ற கண்டனம், குண்டினால் குடிமக்கள் சாகின்றனர் என்பதற்கு, ‘சொல்லவே சொல்லாதே’ என்ற கண்டனம். முன்னதைச் சொன்னவர் அதன்பின்னும் பலமுறை சொன்னார். பின்னதைத் தேர்தல் மேடையில் மீண்டும் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை.

மிசிசிப்பி விவாதத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. போரில் மாண்ட ஓர் இராணுவ வீரனின் பெயர் பொறித்த வளையத்தைத் தாம் கையில் அணிந்திருப்பதாக மெக்கெய்ன் கூறினார். அவ்வீரனின் தாயார் அணிவித்ததாம். எனக்கும் ஒரு வளையம் உண்டு என்று ஒபாமாவும் கூறினார். அதுவும் ஒரு தாயார் தந்ததே. மைந்தனை இழந்த தாயின் துயரம் எங்கும் ஒன்றே. அதனை நாம் எள்ளவில்லை. ஆனால் அவ்விவாதத்துக்குச் சரியாக ஐந்து வாரங்களுக்கு முன், ஆகஸ்டு 22-ஆம் நாள், ஹிராத் மாகாணத்தில் அஸீஸாபாத் என்னும் சிற்றூரின் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியிருந்தன. ஐக்கிய நாடுகள் சபை 90 பொதுமக்கள் மாண்டனர், அவர்களில் 60 பேர் குழந்தைகள் என்றது. அமெரிக்க இராணுவம் முதலில் ஐந்து முதல் ஏழு பேர் என்றது. அக்டோபரில் 33 என்று ஒப்புக்கொண்டது. அஸீஸாபாத்தின் பெயரை அன்று மேடையிலிருந்த இருவரும் எடுக்கவில்லை. அவ்வூர்த் தாயார் எவரும் வளையம் கொண்டுவந்து தருவதற்கு அங்கு வரவும் இயலாதன்றோ!

இனிச் சொற்களைப் பார்ப்போம். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. முன்னது பிறர் மனம் நோகாமைப்பொருட்டு. பின்னது பிறர்க்கு விளங்காமைப்பொருட்டு. போர்ச்சொற்களில் ‘பக்கச்சேதம்’ என்று ஒன்று உண்டு. குறி வைக்காத குடிமகன் சாவதற்கு அப்பெயர். அதனை மங்கல வழக்கு என்று எண்ணிக்கொள்வோர் பலர். அன்று, அது மங்கலத்தின் ஆடையை உடுத்திவந்த குழூஉக்குறி. இறந்தவனின் உறவினர் மனம் நோகாமைப்பொருட்டு எழுந்த சொல்லாயின் அவர்களிடம் போய் அதனைச் சொல்லிப்பார்க்கட்டும்! ‘அறுவை மருத்துவம் போன்ற தாக்குதல்’ என்பதும் இவ்வினத்ததே. ‘உடனடி ஆபத்து’ என்ற சொல்லுக்கு அந்நாட்டு நீதித்துறையின் ஓர் உள்ளறிக்கை அளித்த விளக்கம் 2013-இல் வெளிவந்தது: விரைவில் குறிப்பிட்ட தாக்குதல் ஒன்று நிகழப்போகிறது என்பதற்குத் தெளிவான சான்று வேண்டுவதில்லையாம். ‘உடனடி’ என்ற சொல்லிலிருந்து உடனடியை எடுத்துவிட்டால் எஞ்சுவது யாது? தாக்கப்பட்ட இடத்தில் இருக்கும் போர்புரியத்தக்க வயதுடைய ஆடவர் அனைவரையும் எதிரிகளாகவே கணக்கிடும் முறை கையாளப்பட்டதாக நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2012 மே மாதத்தில் எழுதியது. வேட்பாளர் மேடையில் ‘குடிமக்கள் இழப்பு மிகக் குறைவு’ என்று கூறும்போது இந்த எண்ணுமுறையை உடன் கூறுவதில்லை.

அறபு இலக்கணத்தில் வினைமுதலை மறைத்து, செயப்படுபொருளை அவ்விடத்தில் அமர்த்துவதுண்டு. அமர்ந்த சொல்லுக்கு ‘நாயிபுல் ஃபாயில்’, வினைமுதலின் பிரதிநிதி, என்று பெயர். செய்தவன் பெயரைச் சொல்ல அஞ்சுவதும் அங்ஙனம் மறைப்பதற்குரிய காரணங்களுள் ஒன்று என்று ஆசிரியர்கள் எழுதுவர். ‘தவறுகள் நேர்ந்துவிட்டன’, ‘உயிர்கள் இழக்கப்பட்டன’ என்னும் மேடை வாக்கியங்களைப் படிக்கும்போது அப்பாடம் நமக்கு நினைவுக்கு வராமற்போவதில்லை.

இதில் ஒரு நேர்மையையும் குறிப்பிடல் வேண்டும். 2001 செப்டம்பர் 16-ஆம் நாள் அதிபர் புஷ் இப்போரைச் சிலுவைப்போர் என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். ஆங்கிலத்தில் அச்சொல் தேய்ந்து, மதுவிலக்கு முயற்சிக்கும் புகையிலை எதிர்ப்புக்கும்கூட வழங்குவது. அறபிலோ அது பைத்துல் முகத்தஸின் வீதிகளில் ஓடிய குருதியை நினைவூட்டுவது. எழுந்த வருத்தத்தைக் கண்டு அவர் அதனை விட்டார். மறுநாளே வாஷிங்டன் பள்ளிவாசலுக்குச் சென்றார். படையெடுப்புக்கு முதலில் சூட்டிய ‘எல்லையற்ற நீதி’ என்ற பெயரும், அது இறைவனுக்கே உரியது என்று முஸ்லிம்கள் சுட்டியபின் மாற்றப்பட்டது. பெயர் திருந்தியது. 2003-இல் இராக் மீது போர் தொடுக்கச் சொன்ன காரணம் திருந்தவில்லை. அங்கு இருப்பதாகக் கூறிய பேரழிவு ஆயுதக் குவியல் கிடைக்கவேயில்லை.

2015-16 தேர்தலுக்கு வருவோம். முன்னைய வேட்பாளர் மறைத்தனர் என்று குறை சொன்னோம். இத்தேர்தலில் சிலர் மறைக்கவேயில்லை. அதுவே பெருங்குறையாயிற்று. ஐ.எஸ். கூட்டத்தார்மேல் விரிப்பு விரித்தாற்போல் குண்டு போட்டு அழிப்போம், மணல் இருட்டில் ஒளிருமா என்பதைப் பார்த்துவிடுவோம் என்று செனட்டர் டெட் குரூஸ் 2015 டிசம்பரில் அயோவாவில் கூறினார். அம்மாதம் 15-ஆம் நாள் லாஸ் வேகாஸ் விவாதத்தில், அப்படியானால் ரக்கா நகரைத் தரைமட்டமாக்குவீர்களா என்று வினவப்பட்டபோது, நகரை அன்று, படை இருக்கும் இடத்தை என்று விளக்கம் தந்தார். படை நகருக்குள்ளேதான் இருந்தது. ரக்கா என்பது மணல் அன்று என்பதை அங்கிருந்தோர் எவரும் அவருக்குச் சொல்லவில்லை. கலீபா ஹாரூன் ரஷீத் பக்தாதை விட்டுப் பல்லாண்டுகள் உறைந்த ஊர் அது. அல்-பத்தானீ நாற்பதாண்டுக் காலம் விண்மீன்களை நோக்கிக் கணக்கிட்ட ஊர். 2017-இல் அந்நகரை மீட்கும் போரில் அமெரிக்கக் கூட்டணியின் தாக்குதலால் 1,600-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டதாக அம்னஸ்டி அமைப்பும் ஏர்வார்ஸ் அமைப்பும் 2019-இல் கணக்கிட்டு வெளியிட்டன.

அதே லாஸ் வேகாஸ் மேடையில் நடந்த இன்னொன்று, பேச்சிலக்கணம் பயில்வோர் மறக்கலாகாதது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் மாளும்படி தாக்குதலுக்கு உத்தரவிட உங்களால் இயலுமா என்று வினா தொடுப்பவர் ஒருவர் பென் கார்சன் என்னும் வேட்பாளரிடம் கேட்டார். கார்சன் குழந்தைகளின் மூளையில் அறுவை செய்வதில் புகழ்பெற்ற மருத்துவர். தலையைத் திறந்து கட்டியை அகற்றப்போகிறேன் என்று சொல்லும்போது அக்குழந்தைகள் என்னை விரும்புவதில்லை, பின்னர் விரும்புவார்கள் என்று அவர் விடையிறுத்தார். உவமைக்கும் பொருளுக்கும் இடையே பொதுத்தன்மை வேண்டும் என்பது ‘பயான்’ கலையின் அரிச்சுவடி. அறுவைக்குட்பட்ட குழந்தை பின்னர் எழுந்து நன்றி கூறும். குண்டுக்கு இரையான குழந்தை எப்போது எழுந்து கூறும்? கூட்டத்தார் கூக்குரலிட்டனர். உவமையை எதிர்த்தன்று, கேள்வி கேட்டவரை எதிர்த்து.

டொனால்ட் டிரம்ப் அதே டிசம்பர்த் தொடக்கத்தில், பயங்கரவாதிகளின் குடும்பத்தாரையும் தீர்த்துக்கட்டவேண்டும் என்று தொலைக்காட்சியில் கூறினார். லாஸ் வேகாஸில் ராண்ட் பால் என்னும் வேட்பாளர் மட்டும், அப்படியானால் ஜெனீவா உடன்படிக்கையை விட்டு நாம் வெளியேற வேண்டியிருக்கும் என்றார். மெய்தான், ஒருவன் தான் செய்யாத குற்றத்துக்காகத் தண்டிக்கப்படலாகாது என்பது 1949-இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு. 2016 மார்ச் 3-ஆம் நாள், சட்டத்துக்கு மாறான ஆணையைப் படைவீரர் ஏற்க மறுத்தால் என்ன செய்வீர் என்று கேட்டபோது, மறுக்கமாட்டார்கள் என்று டிரம்ப் அடித்துச் சொன்னார். மறுநாள், சட்டத்தை மீறும்படி ஆணையிடமாட்டேன் என்று ஓர் அறிக்கை வந்தது. சொன்னது பல்லாயிரவர் முன்; திருத்தியது காகிதத்தில். அதற்குச் சற்று முன்னர்த் தென் கரோலினாவில், பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களைத் தளபதி பெர்ஷிங் பன்றிக் குருதியில் தோய்த்த குண்டுகளால் கொன்றதாக ஒரு கதையும் சொன்னார். அதற்குச் சான்றில்லை என்று வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டிய பின்னரும், 2017-இல் அதிபராக இருந்துகொண்டே அதனை மீண்டும் சுட்டினார். 2007-இல் டாம் டன்க்ரீடோ என்னும் வேட்பாளர் மக்கா, மதீனா குறித்து விடுத்த மிரட்டலை அவர் நாட்டு வெளியுறவுத் துறையே கண்டித்துவிட்டது. அதற்கு ஒரு வரிக்கு மேல் செலவிட்டால் மைக்குக் கேடு.

குடும்பத்தாரைத் தண்டிக்கும் பேச்சு உலகுக்குப் புதிதன்று. நம் வரலாற்றிலும் உண்டு. அதனை மறைத்துவிட்டுப் பிறரை மட்டும் குறைகூறுவது ஆராய்ச்சியாகாது. ஹிஜ்ரி 45-இல் பஸராவின் ஆளுநராக வந்த ஸியாது, பள்ளிவாசல் மிம்பரில் ஏறி நிகழ்த்திய பேருரையை ஜாஹிளு தம் ‘அல்-பயான் வத்-தப்யீன்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். இறைபுகழ் கூறாமல் தொடங்கியதால் அதற்கு ‘பத்ராஉ’, வாலறுந்தது, என்று பெயர். அறபு நடைக்கு அது ஓர் உச்சம். இன்றும் மாணாக்கர் அதனை மனனம் செய்கின்றனர். அவ்வுரையில், ஓடிப்போனவனுக்காக ஊரில் இருப்பவனையும், தீங்கு செய்தவனுக்காக அவனைச் சார்ந்தவனையும் பிடிப்பேன் என்று ஸியாது முழங்கினார். கூட்டத்தில் அபூபிலால் மிர்தாஸ் என்பவர் எழுந்து, ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்ற இறைவாக்கை நினைவூட்டி, இறைவன் சொன்னது நீர் சொன்னதற்கு மாறாக இருக்கிறதே என்றார். அவர் காரிஜிய்யா கூட்டத்தைச் சார்ந்தவர். அக்கூட்டத்தின் கொள்கையை நாம் ஏற்பதில்லை. எனினும் அன்று பஸராப் பள்ளியில் பேசவேண்டியதைப் பேசிய நாக்கு அவருடையதே. அழகிய நடை நியாயத்துக்கு ஈடாகாது என்பதை மாணவர்க்கு விளக்க ‘பத்ராஉ’வைக் காட்டிலும் சிறந்த பாடத்தை நாம் அறியோம். டிரம்பின் பேச்சில் அந்நடையழகும் இல்லை.

இதன் எதிர்ப்பக்கத்தில் வைக்கத்தக்க உரை ஒன்றும் நம்மிடம் உண்டு. கலீபா அபூபக்கர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பியபோது, தளபதி யஸீத் பின் அபீஸுஃப்யான் குதிரைமேல் இருக்க, தாம் கால்நடையாக உடன் நடந்துகொண்டே கூறிய அறிவுரைகளை இமாம் மாலிக் தம் ‘முவத்தா’வில் பதிந்துள்ளார். (இந்த யஸீத், கர்பலாவோடு தொடர்புடைய யஸீத் அல்லர், அவர் தந்தையின் உடன்பிறந்தார். பெயரொற்றுமையால் நம் மக்கள் மயங்குவதுண்டு.) பெண்கள், குழந்தைகள், தள்ளாத முதியோர் ஆகியோரைக் கொல்லலாகாது; கனிமரத்தை வெட்டலாகாது; குடியிருப்பைப் பாழாக்கலாகாது; துறவு மடங்களில் இருப்போரை விட்டுவிடவேண்டும். இவ்வுரையில் நாம் வியப்பது அதன் கருணையை மட்டுமன்று, அதன் பொருளமைப்பையும்தான். எதிரியை எப்படி நசுக்குவது என்பதற்கு அதில் இடமில்லை. செய்யலாகாதவை யாவை என்பதே பேச்சின் பெரும்பகுதி. தம் படை செய்யக்கூடிய தீமையை, அது புறப்படும் முன்னரே, அதன் முகத்துக்கு நேரே பெயர் சொல்லி விலக்கும் துணிவு அதில் இருக்கிறது. பின்வந்த முஸ்லிம் அரசர் பலர் இதனைக் காற்றில் விட்டனர் என்பது வேறு.

நம் மேடைகளைப் பற்றியும் ஒரு சொல். ஆளில்லா விமானத்தால் மாண்டோருக்காகக் கண்ணீர் பெருகப் பேசும் நம் பேச்சாளர் சிலர், 2014 டிசம்பர் 16-ஆம் நாள் பெஷாவர் இராணுவப் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து 130-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சுட்டுக்கொன்ற தாலிபான் கூட்டத்தைப் பற்றி வாய்திறப்பதில்லை. திறந்தாலும் ‘நேர்ந்துவிட்டது’ என்பர். அங்கும் அந்த ‘நாயிபுல் ஃபாயில்’தான்! அப்பேச்சு வாஷிங்டன் பேச்சின் மறுபதிப்பு. மொழி மட்டுமே வேறு.

அப்படியாயின் வேட்பாளர் எதைத்தான் பேசுவது? எச்சட்டத்தின் கீழ்ப் படையனுப்புவார் என்பதனை அவர் முதலில் சொல்லட்டும். போர்தொடுக்கும் உரிமையை அந்நாட்டு அரசியல் சட்டம் காங்கிரஸ் சபைக்கே அளித்திருக்கிறது. படையை இறக்கிய 48 மணி நேரத்துக்குள் சபைக்கு அறிவிக்கவேண்டும் என்றும், சபையின் ஒப்புதல் இல்லையேல் 60 நாட்களில் நிறுத்தவேண்டும் என்றும் 1973-இல் ஒரு சட்டமும் இயற்றினர். ஆனால் 2001 செப்டம்பரில் ஏறத்தாழ 60 சொற்களில் அளித்த ஓர் அதிகாரப் பத்திரத்தை வைத்துக்கொண்டு புஷ், ஒபாமா, டிரம்ப், பைடன் ஆகிய நால்வரும் நாடு நாடாகப் போர் நடத்தினர். அப்பத்திரம் எழுதியபோது பிறந்திராத கூட்டங்கள் மீதும் அது பாய்ந்தது. இதனை மேடையில் விரித்துக் கேட்பாரும் குறைவு, சொல்வாரும் குறைவு. 2012 அக்டோபர் 22-ஆம் நாள் விவாதத்தில் ஆளில்லா விமானத்தைப் பற்றி மிட் ராம்னியிடம் கேட்டபோது, அதிபர் செய்வதை முழுதும் ஆதரிக்கிறேன் என்றார். கொன்று கொன்றே இதிலிருந்து மீள முடியாது என்று அவரே அதே இரவில் கூறியிருந்தும்கூட. இருவரும் ஒத்துப்போனதால் அக்கேள்வி அத்துடன் முடிந்தது. இருவரும் ஒத்துப்போன இடமே கேள்வி தொடங்கவேண்டிய இடம்.

பின்னர், மாண்டோரை எண்ணுவது யார் என்பதைச் சொல்லட்டும். போர்க்களம் என்று அறிவிக்கப்படாத நாடுகளில் 2009 முதல் 2015 முடிய 473 தாக்குதல்கள் நடத்தியதாகவும், போரில் ஈடுபடாதோர் 64 முதல் 116 பேர் இறந்ததாகவும் ஒபாமா அரசு 2016-இல் வெளியிட்டது. வெளியார் கணக்குகள் இதனினும் மிகுதி. அக்கணக்கேனும் ஆண்டுதோறும் வெளிவரவேண்டும் என்று அவர் பிறப்பித்த ஆணையை 2019 மார்ச்சில் டிரம்ப் நீக்கினார். குண்டு தவறினால் யார் பொறுப்பு என்பதையும் சொல்லட்டும். 2021 ஆகஸ்டு 29-ஆம் நாள் காபூலில் ஒரு காரின்மேல் ஆளில்லா விமானம் தாக்கியது. அது நேரிய தாக்குதல் என்று தலைமைத் தளபதி மில்லி கூறினார். செப்டம்பர் 17-இல் உண்மை வெளிவந்தது: இறந்தவர் பத்துப்பேரும் பொதுமக்கள், அவர்களில் எழுவர் குழந்தைகள். எவரும் தண்டிக்கப்படவில்லை. தளபதி வேட்பாளரல்லர், ஆயினும் ‘நேரிய’ என்ற அச்சொல்லைப் பல்லாண்டுகளாகச் செதுக்கிக் கொடுத்தது தேர்தல் மேடையே.

இவ்வாறெல்லாம் பேசினால் வாக்கு விழாது என்பர். அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பயங்கரவாதம் மீண்டும் ஒரு தொல்லை என்ற அளவுக்குச் சுருங்கவேண்டும் என்று 2004-இல் ஜான் கெர்ரி சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஆபத்தை உணராதவர் என்று அவரை எள்ளினர்; பயங்கரவாதிகளைத் தேடிக் கொல்வேன் என்று அவர் மேடைதோறும் சூளுரைத்தும் தோற்றார். எனினும் மறுபக்கத்துக்கும் ஒரு சான்று உண்டு. 2001 செப்டம்பர் 14-ஆம் நாள், அந்த 60 சொல் பத்திரம் பிரதிநிதிகள் சபையில் வாக்குக்கு விடப்பட்டபோது ஆதரித்தோர் 420 பேர், எதிர்த்தவர் ஒருவர். கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரிலிருந்து வந்த பார்பரா லீ அம்மையார் அவர். எரிந்த கட்டடங்களின் புகை அடங்காத நாள் அது. நாம் செயல்படும்போது, நாம் வெறுக்கும் தீமையாகவே நாம் மாறிவிடலாகாது என்று, அன்றைய வழிபாட்டில் கேட்ட ஒரு பாதிரியாரின் வேண்டுதலை எடுத்துக்கூறி அமர்ந்தார். கொலை மிரட்டல்கள் வந்தன. காவலர் துணையோடு நடமாட வேண்டியதாயிற்று. ஓக்லந்து அயோவா அன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் 2002 நவம்பரில் அவர் அதே மக்கள் முன் வேட்பாளராக வந்து நின்றார். மக்கள் அவரையே திரும்ப அனுப்பினர். 2025 ஜனவரி வரை அவர் அச்சபையில் இருந்தார்.